கேம்பிங் போகும் முன் திகில் படம் பார்க்கிறீர்களா? ஆட்கொல்லிகளுக்காக காவிரிக் காட்டில் தனியாக இரவுகளைக் கழித்த கென்னத் ஆண்டர்சன் கதை

லீவு கிடைத்தால் டென்ட், டார்ச், பவர் பேங்க் எல்லாம் பையில் ஏறிவிடுகிறது. கூடவே, கிளம்பும் முன் பார்க்க வேண்டிய படங்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிஸ்ட் ஓடும். காட்டில் தொலைந்துபோகும் மாணவர்களின் கதையான 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்', மரவீட்டில் பேய் பிடிக்கும் 'ஈவில் டெட்', பாறை இடுக்கில் கை மாட்டிக்கொண்ட இளைஞரின் '127 ஹவர்ஸ்', கொடைக்கானல் குணா குகையை மறுபடி நினைவூட்டிய 'மஞ்சும்மல் பாய்ஸ்'. இதில் ஒன்றாவது அந்த லிஸ்ட்டில் கட்டாயம் இருக்கும்.

மன்னார்குடி மாதிரியான டெல்டா ஊர்களில் இருந்து கிளம்பும் இளைஞர்களுக்கு இது இன்னும் புதுசு. சுற்றி எங்கே பார்த்தாலும் வயல், வாய்க்கால், குளம்தான். மலை பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏற வேண்டும். காடு என்றால் பக்கத்தில் இருப்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. அங்கே சேறும் நண்டும் உண்டு, சிறுத்தை கிடையாது. அதனால் ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, ஒகேனக்கல் என்று பிளான் போடுகிறார்கள்.

அந்த ஒகேனக்கல் காட்டில், படக்கருவி, குழு, பின்னணி இசை எதுவும் இல்லாமல், ஒரு துப்பாக்கியும் டார்ச்சும் மட்டும் வைத்துக்கொண்டு ஆட்கொல்லி விலங்குகளுக்காக இரவு முழுக்கக் காத்திருந்த ஒருவர் இருந்தார். பெயர் கென்னத் ஆண்டர்சன். அவர் எழுதியதைப் படித்தால் பல திகில் படங்கள் சாதாரணமாகத் தெரியும். காட்டில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதும் புரியும்.

யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

1910-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி, ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தின் பொலாரம் பகுதியில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வேரூன்றிவிட்டவர்கள். அப்பா ராணுவக் கணக்குத் துறை அதிகாரி. வேட்டைப் பழக்கமும் வெளியில் சுற்றும் ஆசையும் அப்பாவிடம் இருந்துதான் மகனுக்கு வந்தது.

பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். சட்டம் படிக்கட்டும் என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். ஊர் என்றால் அவருக்கு பெங்களூருதான்.

வேட்டைக்காரர் என்றதும் சமஸ்தான ராஜா மாதிரி யானை மேல் போகிற ஆள் என்று நினைக்க வேண்டாம். ஆண்டர்சன் மாதச் சம்பளக்காரர். தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருடம் வேலை பார்த்தார். பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் மேலாளர் பொறுப்பில் இருந்தார். வார இறுதியும் லீவும் கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். இன்றைக்கு ஐ.டி. ஊழியர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூருவில் இருந்து ஓசூர் ரோட்டில் கிளம்புகிறார்களே, கிட்டத்தட்ட அதே ரூட்.

ஆங்கிலம் மட்டும் இல்லை, கன்னடமும் தமிழும் சரளமாகப் பேசுவார். இந்தத் தமிழ்தான் பிற்பாடு பல தடவை அவர் உயிரைக் காப்பாற்றியது. ஏனென்றால் புலி எங்கே நிற்கிறது என்ற தகவல் எந்த அரசு அலுவலகத்திலும் கிடைக்காது. மாடு மேய்ப்பவரிடமும், தேன் எடுப்பவரிடமும், வண்டிக்காரரிடமும்தான் கிடைக்கும்.

மன்னார்குடி தண்ணீர் கடந்து வரும் காடு

ஆண்டர்சனின் கதைகள் ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு என மூன்று மாநிலக் காடுகளில் நடக்கின்றன. ஆனால் அவர் திரும்பத் திரும்பப் போனது காவிரியை ஒட்டிய மலைக்காடுகளுக்கு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல், முத்தூர். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள். அவர் காலத்தில் பெரும்பகுதி சேலம் மாவட்டமாக இருந்தது.

இந்தக் காட்டுக்கும் மன்னார்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடி சம்பந்தம் இருக்கிறது. காவிரி இந்த மலைகளுக்கு நடுவே இறங்கித்தான் ஒகேனக்கலில் அருவியாக விழுகிறது. அங்கிருந்து மேட்டூர் அணை. பிறகு கல்லணை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, வெண்ணாற்றின் கிளையான பாமணி ஆறு மன்னார்குடி பக்கம் வருகிறது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தால்தான் குறுவைக்கு நம்பிக்கை என்று டெல்டா விவசாயிகள் காத்திருக்கும் அதே தண்ணீர், ஆண்டர்சன் இரவு தங்கிய கரைகளைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

ஆட்கொல்லி என்றால் என்ன?

திகில் படங்களில் மிருகம் காரணம் இல்லாமல் மனிதனைத் துரத்தும். ரத்த வாசனை பிடித்தால் விடாது. நிஜத்தில் புலியும் சிறுத்தையும் மனிதனைப் பார்த்தால் விலகிப் போகிற சுபாவம் கொண்டவை. மனிதன் அவற்றின் இயல்பான இரை கிடையாது.

அப்படியானால் சில விலங்குகள் மட்டும் ஏன் மாறுகின்றன? ஆண்டர்சன் பல ஆண்டுகள் கவனித்து எழுதியதும், அவருக்கு முன்பே வட இந்தியாவில் ஜிம் கார்பெட் கண்டதும் ஒன்றுதான். பெரும்பாலும் காயம்தான் காரணம். யாரோ குறி தவறிச் சுட்ட குண்டு, கம்பி வலையில் சிக்கி நசுங்கிய கால், முள்ளம்பன்றியின் முள் குத்திய பாதம், வயசாகித் தேய்ந்த பல். மானைத் துரத்த முடியாத விலங்கு, ஓடத் தெரியாத இரையைத் தேடும். அந்த இரை மனிதன்.

இதில் முக்கியமான விஷயம், காயத்தை ஏற்படுத்தியது பல நேரங்களில் மனிதனே. சுட்டவர் ஊருக்குப் போய்விடுவார். பலியாவது விறகு பொறுக்கப் போன பெண்ணும், மாடு மேய்க்கப் போன பையனும்.

ஜவளகிரி பெண் புலி: துணையை இழந்த கதை

ஆண்டர்சனின் முதல் புத்தகத்தில் வரும் ஜவளகிரி பெண் புலியின் கதை இதற்கு நல்ல உதாரணம். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் புலியும் பெண் புலியும் ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தன. அதில் ஆண் புலி சுடப்பட்டது. பெண் புலி துணையைத் தேடி அதே இடத்தைச் சுற்றியது. அதையும் ஒருவர் சுட்டார். சாகவில்லை, காயத்தோடு தப்பியது. அதன் பிறகுதான் அந்தப் பகுதியில் மனிதர்கள் சாக ஆரம்பித்தார்கள்.

ஆண்டர்சன் அந்தப் புலியைத் தேடிப் பல நாட்கள் அலைந்தார். கடைசியில் அவர் செய்தது கேட்பவர்களைச் சங்கடப்படுத்தும் ஒரு தந்திரம். ஆண் புலி துணையைக் கூப்பிடும் குரலை அவரே எழுப்பினார். பெண் புலி பதில் குரல் கொடுத்தபடி நெருங்கி வந்தது. சுட்டார்.

ஊர் நிம்மதியானது. ஆனால் அவருக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. பசிக்காக வராமல், துணை திரும்பி வந்துவிட்டது என்று நம்பி வந்த விலங்கை ஏமாற்றிக் கொன்றதை அவர் வெற்றியாக எழுதவில்லை. வேட்டைக் கதைகளில் வழக்கமாக வரும் மீசை முறுக்கல் இவரிடம் குறைவு. இன்றும் இவரை வாசிப்பவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கும்மலாபுரம்: ஊரே கதவைச் சாத்திய இரவுகள்

ஹாரர் படம் எடுப்பவர்களுக்கு ரெடிமேட் கதை ஒன்று வேண்டும் என்றால் கும்மலாபுரம் சிறுத்தையைச் சொல்லலாம். தமிழ்நாடு, கர்நாடகா எல்லைக் கிராமம். ஆண்டர்சன் கணக்குப்படி அந்த ஒரு சிறுத்தை கொன்றது 42 பேரை.

புலி பெரும்பாலும் பகலில், காட்டுக்குள் தாக்கும். சிறுத்தை அப்படி இல்லை. இருட்டியதும் ஊருக்குள் வரும். கூரை ஏறும். கதவை முட்டும். பூனை மாதிரி சத்தமே இருக்காது. கும்மலாபுரம் சுற்றுவட்டாரத்தில் சூரியன் சாயும் முன்பே எல்லா வீடும் அடைத்துவிடும். அவசரத்துக்குக்கூட யாரும் வெளியே வர மாட்டார்கள். வீட்டு வாசலிலும் கூரையிலும் முட்செடிகளை வெட்டிக் குவித்து வைத்தார்கள். இது மிருகமே இல்லை, ஏதோ தீய சக்தி என்ற பேச்சும் பரவியது.

ஆண்டர்சன் அங்கே போய், ஒரு வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெட்டவெளியில் இரவு உட்கார்ந்தார். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் கவனித்தார். சிறுத்தை வந்தது அவர் தலைக்கு மேலே, கூரை வழியாக. கூரையில் கிடந்த முட்கள் சிறுத்தையைத் தடுக்க, அந்தச் சரசரப்புதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டுப் பிழைக்க வைத்தது. இந்த இடத்தைப் படிக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

பின்னர் ஒரு இரவு, அவர் கூட இருந்த நாட்டு நாய் ஒன்றின் எச்சரிக்கையால் சிறுத்தை சிக்கியது. அந்த நாய்க்கு நிப்பர் என்று பெயர் வைத்தார். செத்த சிறுத்தையைச் சோதித்தபோது, முன்காலின் பாதத்துக்குள் முள்ளம்பன்றி முட்கள் ஒடிந்து புதைந்திருந்தன. பேயும் இல்லை, சாபமும் இல்லை. ஆறாத புண்ணோடு நொண்டிக்கொண்டிருந்த ஒரு விலங்கு.

ஊரைப் பல மாதம் உறங்கவிடாத திகிலின் காரணம் சில அங்குல முள். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி ஒரு கிளைமாக்ஸ் வைக்கத் தயங்குவார். ஆனால் காடு அப்படித்தான்.

கரடியைப் பார்த்தால் சிரிக்கிறோம், ஆனால்...

கார்ட்டூனிலும் பொம்மைக் கடையிலும் கரடி செல்லப்பிள்ளை. ஆண்டர்சன் மிகவும் பயந்த விலங்குகளில் ஒன்று நம்மூர் கரடி. கண் பார்வை மந்தம். காது அவ்வளவு கூர்மை இல்லை. இலுப்பைப் பூவோ கறையானோ தின்னும் மும்முரத்தில் ஆள் வருவதையே கவனிக்காது. திடீரென்று பக்கத்தில் மனிதனைப் பார்த்ததும் பதறிப்போய்த் தாக்கும். நீண்ட நகங்கள் நேராக முகத்துக்கு வரும்.

கர்நாடகாவின் அரசிகெரே பக்கம் 12 பேரைக் கொன்ற ஒரு கரடியை அவர் தேடிப் போனது இப்படித்தான். இறந்தவர்களில் ஒருவர் அவருடைய நண்பரின் 22 வயது மகன். அந்தக் கரடி இப்படி வெறிபிடித்துத் திரிய மனிதர்கள் செய்த ஏதோ ஒரு கொடுமை காரணமாக இருக்கலாம் என்பது அவர் ஊகம்.

ஆனால் இதே ஆண்டர்சன் வீட்டில் ஒரு கரடிக்குட்டி வளர்ந்தது தெரியுமா? சி.பி.எஸ்.இ. 9-ம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'தி பாண்ட் ஆஃப் லவ்' படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். அந்தக் கதையை எழுதியவர் இவர்தான். மைசூரு பக்கம் கரும்புத் தோட்டத்தில் கூட வந்த ஒருவர் தாய்க் கரடியைச் சுட்டுவிட, அதன் மேலேயே சுற்றிக் கத்திய குட்டியை ஆண்டர்சன் பிடித்து வந்து மனைவிக்குக் கொடுத்தார். புரூனோ என்று பெயர் வைத்து, பிறகு பாபா ஆனது. எலி விஷம் தின்றது, இன்ஜின் ஆயில் குடித்தது, இரண்டிலும் பிழைத்தது. வளர்ந்த பிறகு மைசூரு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். கரடியும் சாப்பிடவில்லை, வீட்டம்மாவும் சாப்பிடவில்லை. கடைசியில் திரும்பக் கூட்டிவந்து, வீட்டு வளாகத்திலேயே சுற்றி அகழி வெட்டி ஒரு குட்டித் தீவு செய்து வைத்தார்கள்.

ஒரே மனிதர் கரடியைத் தேடிக் கொல்லவும் செய்தார், கரடிக்காகத் தீவும் கட்டினார். அவர் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு பக்கமும் உண்டு.

இரவில் காட்டில் எப்படி உட்கார்ந்தார்?

இன்றைய சர்வைவல் ஷோக்களில் வருவது மாதிரி புழு தின்று, அருவியில் குதித்து அவர் சாகசம் செய்யவில்லை. அவருடைய திறமையில் பெரும்பகுதி, அசையாமல் இருப்பது. மரத்தில் பரண் கட்டி, அல்லது பாறை ஓரத்தில், சாயங்காலம் 5 மணி வாக்கில் உட்கார்ந்தால் விடியும் வரை இருமல், தும்மல் கூடாது. கொசு கடித்தாலும் கை அசையக் கூடாது. கையில் நம்பிக்கையான வின்செஸ்டர் .405 ரைஃபிள், அதில் பொருத்திய டார்ச்.

கண்ணைவிடக் காதை நம்பினார். காடு இரவில் ஒரு செய்தி சேனல் மாதிரி. புலியோ சிறுத்தையோ நடமாடினால் மற்ற விலங்குகள் பிரேக்கிங் நியூஸ் கொடுத்துவிடும். கடமான் ஓங்கி ஒலிக்கும். புள்ளிமான் கீச்சிடும். கேளையாடு குரைக்கும். மரத்தில் மந்தி அலறும். குரல் எந்தத் திசையில் இருந்து எந்தத் திசைக்கு நகர்கிறது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத புலி எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம்.

எல்லாக் குரலும் திடீரென்று நின்றுபோனால்? அப்போதுதான் முதுகு சில்லிடும். திகில் படங்களில் டக்கென்று இசையை நிறுத்துவார்களே, அந்த உத்தி காட்டில் எப்போதும் இருந்தது.

பைரா, ரங்கா: கதையின் நிஜ ஹீரோக்கள்

ஆண்டர்சன் தனியாளாக இதையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை. சின்னாறு ஓரம் முத்தூர் பகுதியில் வாழ்ந்த பைரா என்ற பழங்குடி நண்பரை அவர் பல புத்தகங்களில் குறிப்பிடுகிறார். பூஜாரி இனத்தவர் என்று எழுதுகிறார். படிப்பு கிடையாது, சொத்து கிடையாது, பல நாள் சரியான சாப்பாடே கிடையாது. ஆனால் மண்ணில் பதிந்த ஒரு தடத்தைப் பார்த்து, ஆணா பெண்ணா, எப்போது போனது, நொண்டுகிறதா, வேகமாகப் போனதா என்று சொல்லிவிடுவார்.

பென்னாகரம் பக்கத்து ரங்கா இன்னொருவர். துணிச்சல் அதிகம், குறும்பும் அதிகம். இவர்களை வேலைக்காரர்களாக மட்டும் ஆண்டர்சன் காட்டவில்லை. பைராவைக் காட்டில் தன் ஆசானாகவே மதித்தார்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. புத்தகத்தின் அட்டையில் ஒரு பெயர்தான் வந்தது. காட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்து தெரியவில்லை, எழுதத் தெரிந்தவருக்குக் காட்டைப் படித்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக் காடுகளைப் பற்றிய நம் அறிவில் எத்தனையோ பைராக்களின் பெயர் விடுபட்டிருக்கிறது.

பேயை நம்பினாரா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதில் கொஞ்சம் சுவாரஸ்யம். ஆண்டர்சனுக்கு அமானுஷ்ய விஷயங்களில் ஈடுபாடு உண்டு. காட்டில் தனக்கு நேர்ந்த, விளக்கம் கிடைக்காத அனுபவங்களையும், கிராமத்தார் சொன்ன பேய்க் கதைகளையும் எழுதி வைத்திருக்கிறார். நம்பு என்று கட்டாயப்படுத்தவும் இல்லை, மூடநம்பிக்கை என்று கேலி செய்யவும் இல்லை.

ஆனால் நடைமுறையில் பாருங்கள். பேய் என்று ஊர் சொன்ன இடங்களில் அவர் தடம் தேடினார். காற்றின் திசை பார்த்தார். டார்ச்சின் பேட்டரியைச் சரிபார்த்தார். பயத்தை ரசிக்கத் தெரிந்தவர், பயத்தை வைத்து முடிவு எடுக்கவில்லை.

எத்தனை ஆட்கொல்லிகள்?

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவுகளின்படி அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகள், 7 புலிகள் என்று சொல்லப்படுகிறது. இதற்கு மேல் இருக்கும் என்பவர்களும் உண்டு. ஊரை மிரட்டிய சில ஒற்றை யானைகளையும் அவர் சுட்டிருக்கிறார்.

எழுத ஆரம்பித்தது 40 வயதுக்கு மேல்தான். 1954-ல் 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' வந்தது. 1957-ல் 'மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ்', 1959-ல் 'தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிபள்ளி' என்று தொடர்ந்தது. அவர் மறைந்த பிறகு 1976-ல் 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' வெளியானது.

அவர் சொன்னது எல்லாம் அப்படியே நடந்ததா என்று சந்தேகப்படுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல கதைசொல்லிக்கே உரிய கொஞ்சம் மசாலா இருக்கலாம். வேட்டை என்ற விஷயத்தையே இன்றைய வாசகர் ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். அதுவும் நியாயம்தான். ஆங்கிலேயர் காலத்தில் பொழுதுபோக்குக்காகவும், தலையைச் சுவரில் மாட்டுவதற்காகவும் சுடப்பட்ட புலிகள் ஏராளம்.

ஆண்டர்சனும் அந்தக் காலத்து ஆள்தான். ஆனால் வயது ஏற ஏற அவர் பேச்சு மாறியது. துப்பாக்கி இல்லாமலே காட்டுக்குப் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். மரம் வெட்டுவதையும், விஷம் வைப்பதையும், இரவில் ஜீப்பில் லைட் அடித்துச் சுடுவதையும் கடுமையாகக் கண்டித்து எழுதினார். தான் பார்த்த காடு கண் முன்னால் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது நாட்டில் எண்ணப்பட்ட புலிகள் சுமார் 1,800 மட்டுமே. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம், 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, பெங்களூருவில் புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். வயது 64.

2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் புலிகள் 3,682 என்று மதிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 306. ஆண்டர்சனும் பைராவும் திரிந்த பகுதியில் பெரும்பங்கு இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரின சரணாலயங்கள். முதலாவது 2014-லும் அடுத்தது 2022-லும் அறிவிக்கப்பட்டன.

கேம்பிங் போகிறவர்களுக்கு இவர் வாழ்க்கை சொல்வது என்ன?

முதல் விஷயம், காட்டில் உயிர் போவது பெரும்பாலும் சிறுத்தையால் இல்லை. தவறான முடிவால். 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது தமிழ்நாடு மறக்க முடியாத பாடம். கோடையில் காய்ந்த புல், திசை மாறும் காற்று, ஓட வழி தெரியாத சரிவு. எந்தப் பேய்ப் படத்தைவிடவும் பயங்கரம். அதனால் கோடையில், அனுமதி இல்லாத பாதையில் போகவே போகாதீர்கள். கேம்ப் ஃபயர் ஆசை இருந்தால், வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும்.

இரண்டாவது, உள்ளூர் ஆள் சொல்வதைக் கேளுங்கள். பைரா இல்லாமல் ஆண்டர்சன் இல்லை. இந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒரு மாடு மேய்ப்பவர் சொன்னால், கூகுள் மேப்பைக் காட்டி வாதம் செய்யாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் ஆன்லைன் பதிவோடு 40 மலையேற்றப் பாதைகளை அறிமுகப்படுத்தியது. இப்படி வழிகாட்டியோடு போவதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, இருட்டில் கால் வைக்கும் முன் வெளிச்சம். இதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் மடை திருப்ப வரப்பில் நடக்கிறவருக்கு கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் எவ்வளவு நிஜம் என்று தெரியும். டார்ச், ஷூ, தடி மூன்றும் வேண்டும். பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமா. நேராக ஆஸ்பத்திரிதான்.

நான்காவது, உணவை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், மிச்சத்தைச் சுற்றி வீசாதீர்கள். கரடியும் காட்டுப்பன்றியும் யானையும் வாசனைக்கு வரும். ஒரு தடவை மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய விலங்கு மறுபடி வரும். அடுத்து வந்து டென்ட் போடுகிறவர் மாட்டிக்கொள்வார்.

ஐந்தாவது, ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடமான் கத்துவது கேட்டால்தான் எந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியும். பாட்டுச் சத்தத்தில் காட்டின் எச்சரிக்கை காதில் விழாது.

ஆறாவது, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். '127 ஹவர்ஸ்' படத்துக்குக் காரணமான நிஜ சம்பவத்தில் அந்த இளைஞர் செய்யாமல் விட்டது இது ஒன்றுதான். அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கை.

அப்போ, என்ன படம் பார்க்கலாம்?

தாராளமாகப் பாருங்கள். நட்புக்கும் துணிச்சலுக்கும் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. தடை செய்த இடத்தில் ஏன் கால் வைக்கக் கூடாது என்பதற்கும் அதே படம்தான். யானையின் கோபம் புரிய 'கும்கி'. ஆப்பிரிக்காவில் ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற சிங்கங்களின் உண்மைச் சம்பவத்தை வைத்து 1996-ல் வந்த 'தி கோஸ்ட் அண்ட் தி டார்க்னஸ்'. பழைய படம் என்றால், 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்'. ஆண்டர்சன் காட்டில் அலைந்த அதே காலத்தில், அதே சேலம் மாவட்டத்தில், நிஜ ஆட்கொல்லிகள் இருக்கும்போது, படக்குழு கதைக்காகத் தேடியது ரோமம் முளைத்த ராட்சத யானைகளை!

படம் முடிந்ததும் ஆண்டர்சனின் ஒரு கதையையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜவளகிரி அல்லது கும்மலாபுரம், ஏதாவது ஒன்று. இரவில் டென்ட்டுக்கு வெளியே சருகு சத்தம் கேட்டால், பேயா என்று யோசிக்கும் மனசு, என்ன விலங்கு, எந்தப் பக்கம் போகிறது என்று யோசிக்க ஆரம்பிக்கும்.

காட்டைவிட்டு வரும்போது குப்பையைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். ஒகேனக்கலில் ஆற்றில் வீசும் பிளாஸ்டிக் பாட்டில் அங்கேயே நின்றுவிடாது. மேட்டூரையும் கல்லணையையும் தாண்டி வரும் தண்ணீர்தான் பாமணி ஆற்றிலும், அதைச் சுற்றிய வயலிலும் பாய்கிறது.